புரட்சி தந்த அளவுகோல்

கடைக்குச் சென்று ஒரு கிலோ சர்க்கரையும் இரண்டு மீட்டர் துணியும் வாங்கி வருகிறீர்கள். சென்னையில் வாங்கினாலும் டோக்கியோவில் வாங்கினாலும் கிலோ கிலோதான், மீட்டர் மீட்டர்தான். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆனால் இந்த ஒற்றுமை தானாக வந்ததன்று. ஒரு மன்னனின் முடி சாய்ந்து, ஒரு நாடே தலைகீழாக மாறிய காலத்தில் அது பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்டில் சிறையின் வீழ்ச்சியும் கில்லட்டினும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்புரட்சி உலகின் கடைத்தெருக்களில் விட்டுச் சென்ற அடையாளத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

குவித்தா, தலைதட்டியா?

18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஊருக்கு ஓர் அளவு வழங்கியது. அளவுகளின் பெயர்களே ஏறத்தாழ 800 இருந்தன. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு வேறு அளவைக் குறித்ததால், மொத்தம் இரண்டரை லட்சம் அளவுகள் புழங்கின என்று மதிப்பிடுகின்றனர்.

இது வணிகருக்கு வெறும் தொல்லை. உழவருக்கோ பெரும் அநீதி. உழவர் நிலப்பிரபுவுக்குத் தானியமாக வரி செலுத்தவேண்டும். அதை அளக்கும் மரக்கால் பிரபுவின் கையில் இருந்தது. மரக்காலைச் சற்றுப் பெரிதாகச் செய்துகொண்டால் வரி தானாக உயர்ந்துவிடும். அளவு சரியாக இருந்தாலும், தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது நீங்கள் அறிந்ததே. உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் நெருக்கமாக அமர்ந்து, அதே மரக்காலில் கூடுதலாகக் கொள்ளும். 1789-இல் மன்னன் பதினாறாம் லூயி மக்களின் குறைகளை எழுதித் தரச் சொன்னபோது, நாடெங்கும் பல ஊர்களிலிருந்து வந்த குறைமனுக்களில் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றிருந்தது.

யாருடைய அளவு?

ஒரே அளவு என்றால் எதை வைத்துக்கொள்வது? பாரிசின் அளவை ஏற்றால் மற்ற ஊர்கள் முணுமுணுக்கும். மன்னனின் பாதத்தை ஏற்றால் புரட்சிக்கு என்ன பொருள்? எவருக்கும் சொந்தமல்லாத ஓர் அளவு தேவைப்பட்டது. ஒரு விநாடிக்கு ஒரு முறை வீசும் ஊசலின் நீளத்தைக் கொள்ளலாம் என்று 1790-இல் தாலிரான் தேசிய மன்றத்தில் முன்மொழிந்தார். ஆனால் பூமியின் ஈர்ப்பு எல்லா இடங்களிலும் ஒரே சீராக இல்லை. எனவே ஊசலின் நீளமும் இடத்துக்கு இடம் சிறிது மாறும். ஆகவே 1791-இல் அறிவியல் கழகத்தின் குழு வேறொரு முடிவுக்கு வந்தது. லாப்லாஸ், லக்ராஞ்சு, கொண்டோர்சே போன்ற மேதைகள் அக்குழுவில் இருந்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்பது அம்முடிவு. பூமி எல்லோருக்கும் பொது அன்றோ?

துருவம் வரை சென்று அளக்க இயலாது. டன்கர்க் நகரிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா வரையுள்ள ஏறத்தாழ ஒன்பதரை பாகை நீளத்தை அளந்து, மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தனர். இதற்கு முக்கோண முறை கைகொடுத்தது. சமவெளியில் ஒரே ஓர் அடிக்கோட்டை மிக நுட்பமாக அளந்துகொண்டால் போதும். பிறகு கோபுரங்கள், குன்றுகள் ஆகியவற்றிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் மேல் முக்கோணமாகத் தொடுத்துத் தொலைவைக் கணக்கிடலாம்.

ஏழாண்டு உழைப்பு, ஒரு பிழை

1792-இல் இரு வானியலார் புறப்பட்டனர். வடபகுதி தெலாம்பருக்கு, தென்பகுதி மெஷேனுக்கு. ஓராண்டில் முடியும் என எண்ணிய பணி ஏழாண்டு இழுத்தது. கோபுரத்தின் மேல் விந்தையான கருவியுடன் நிற்பவரைக் கண்ட மக்கள் ஒற்றன் என்றே எண்ணினர். தெலாம்பர் தடுத்து வைக்கப்பட்டார். கூட்டத்தின் நடுவே கருவிகளைப் பரப்பி வைத்து விளக்கம் சொல்லவும் நேர்ந்தது. 1793-இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதால் மெஷேன் பார்சிலோனாவில் சிக்கிக்கொண்டார். எடை அளவுக்கான ஆய்வில் ஈடுபட்டிருந்த வேதியியல் மேதை லவாசியே 1794-இல் கில்லட்டினுக்குப் பலியானார்.

பார்சிலோனாவில் மெஷேனுக்கு மற்றொரு துன்பமும் காத்திருந்தது. அருகருகே இருந்த இரண்டு இடங்களிலிருந்து விண்மீன்களை நோக்கி அகலாங்கைக் கணக்கிட்டபோது, விடைகளுக்கிடையே மூன்று விகலை அளவுக்குப் பொருந்தாமை தென்பட்டது. தரையில் அது சுமார் 100 மீட்டர். தம் கவனக்குறைவே காரணம் என்று எண்ணிய அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை. மீண்டும் அளந்து சரிசெய்துவிடும் ஏக்கத்தில் ஸ்பெயினுக்குச் சென்று, 1804-இல் அங்கேயே காய்ச்சலால் இறந்தார். அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டியபோதுதான் தெலாம்பருக்கு உண்மை தெரிந்தது. 

இதற்குள் 1799 ஜூனில் பிளாட்டினத்தாலான மீட்டரும் கிலோகிராமும் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுவிட்டன. அந்த மீட்டர் தன் இலக்கணத்தைவிட 0.2 மில்லிமீட்டர் குட்டையானது என்பதை இன்று அறிவோம். அதற்கு முக்கியக் காரணம் மெஷேனின் அளவீடு அன்று. பூமியின் தட்டைத்தன்மையைக் கணக்கிட்டதில் நேர்ந்த தவறே. எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிழை இருக்கும். அதை மறைப்பதற்குப் பதில் கணக்கிடவேண்டும் என்னும் தெளிவு இக்காலத்தில்தான் வளர்ந்தது. 1805-இல் லெஜாண்டர் தம் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டபோது, இதே பிரெஞ்சு அளவீட்டையே எடுத்துக்காட்டாகக் கையாண்டார்.

உலகெங்கும் பரவியது

புதிய அளவைப் பிரெஞ்சு மக்களே உடனே ஏற்கவில்லை. 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு இடம் கொடுத்தார். 1840-இல்தான் பிரான்சில் மீட்டர் முறை முழுமையாகக் கட்டாயமாயிற்று. ஆயினும் 1875-இல் 17 நாடுகள் பாரிசில் கூடி மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஓர் உண்மையைக் கவனியுங்கள். இத்தாலியும் ஜெர்மனியும் ஒன்றுபட்ட காலத்தில் இம்முறையை ஏற்றன. ரஷ்யா 1917 புரட்சியை அடுத்து ஏற்றது. அரசியல் பெருந்திருப்பம் நிகழும்போதுதான் பழைய அளவுகளைக் கைவிடும் துணிவு நாடுகளுக்கு வருகிறது.

நம் நாடும் அப்படியே. முக்கோண அளவீடு இங்கு முன்னரே வந்துவிட்டது. 1802-இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார். ஆனால் அவர் அளந்தது ஆங்கில அடியில். கடைகளிலோ பலம், வீசை, மணங்கு, படி என்பன நிலவின. அதிலும் பட்டணம் படி வேறு, சின்னப்படி வேறு. விடுதலைக்குப் பின் 1956-இல் எடை அளவுச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு வந்தது. 1958 முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

இன்று மீட்டருக்குப் பிளாட்டினக் கோலும் தேவையில்லை, பூமியும் தேவையில்லை. வெற்றிடத்தில் ஒளி 1/29,97,92,458 விநாடியில் செல்லும் தொலைவே மீட்டர் என 1983-இல் வரையறுத்தனர். 2019-இல் கிலோகிராமும் பிளாங்கு மாறிலியின் அடிப்படைக்கு மாறிவிட்டது. எவருக்கும் சொந்தமல்லாத அளவு என்ற அன்றைய கனவு இவ்வாறு நிறைவேறியது.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது எடைக்கற்களில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் அளவு ஒன்றே என்பதற்கு அது சான்று. 1789-இல் பெயர் தெரியாத உழவர்கள் கேட்டதும் அதைத்தான்.