பூதவாதியின் கள்

தென்னேரி என்பது திரையனேரி என்பதன் திரிபு என்பர். தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரி. அவ்வூரிலிருந்து என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர், மணிமேகலையின் 27ஆம் காதையை நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றார். அவருடைய பாட்டனார் பக்கவாதத்தால் நினைவிழந்து கிடந்த நாள்கள் அவை. "ஐயா, மூளையைப் படமெடுத்து எல்லாம் தெரிகிறது என்கிறார் மருத்துவர். தாத்தாவுக்கு ஏதாவது தெரிகிறதா என்பது அந்தப் படத்தில் தெரியுமா?" என்றார். அது பாடத்துக்குப் புறம்பான கேள்வியன்று.

அக்காதையில், தவசியாக வேடம் மாறி வஞ்சியில் இருக்கும் மணிமேகலை, சமயவாதிகள் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாகப் பேசுகிறவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். பூதங்கள் பிரிந்தால் பறையின் ஓசைபோல அதுவும் ஒழியும். காட்சி ஒன்றே அளவை, அனுமானம் செல்லாது. (தாதகிப் பூவை உரைகாரர் ஆத்திப்பூ என்பர். வடமொழியில் தாதகி எனப்படும் பூவை ஆயுர்வேத மருந்து செய்வோர் இன்றும் அரிட்டங்களில் நொதிப்புக்குச் சேர்க்கிறார்கள். உவமை அடுக்களையறிவோடுதான் பிறந்திருக்கிறது.)

உலோகாயதர்க்கு இன்னோர் உவமையும் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றும் கூடுகையில் வருகிறது. சர்வசித்தாந்தசங்கிரகம் என்னும் வடமொழி நூல் இதைச் சொல்கிறது. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்குப் பௌத்தக் கருத்துகளை விளக்கி உதவிய மளூர் ரங்காசாரியாரே, பின்னர் 1909இல் அந்நூலைச் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார்.

மணிமேகலை அந்தக் கள்ளுவமையைத் தொடுவதேயில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிவாய் என்று அளவையைத்தான் தாக்குகிறாள். வகுப்பில் நெடுங்காலம் இதை ஒரு சாமர்த்தியமான நழுவல் என்றே சொல்லிவந்தேன். கள்ளுவமையில் ஓர் ஓட்டை இருக்க, அதை ஏன் விட்டாள் என்பது என் வியப்பு. குடத்தில் இருக்கும் கள்ளில் மயக்கம் இல்லை. சர்க்கரை ஆல்கஹாலாக மாறிய இரசாயனம் மட்டுமே இருக்கிறது. மயக்கம் குடிப்பவனிடத்தில். சிவப்பும் அப்படியே, ஒளியலை வெளியே இருக்கலாம், சிவப்பென்னும் தோற்றம் காண்பவனிடத்தில். எதை விளக்கவேண்டுமோ அதையே உவமைக்குள் ஒளித்துவைத்திருக்கிறான் பூதவாதி. குடிப்பவன் மூளையில் நிகழ்வதையும் அணு அணுவாக எழுதிவிடலாமே என்று இன்றைய பூதவாதி கேட்பார். எழுதலாம். அந்தப் பட்டியலின் எந்த வரியில் மயக்கம் மயக்கமாக இருக்கிறது?

மாணவரின் கேள்விக்குப் பிறகு மணிமேகலையை நழுவியவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறர் உணர்வைக் கண்டவர் யாருமில்லை. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப்பின் உணர்வற்ற நிலையில் இருப்பவராகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நலமுள்ளோர்க்கு ஒளிரும் அதே மூளைப்பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. கருவி காட்டியது குருதியோட்டத்தை. அவர் அறிகிறார் என்பது அனுமானம். காட்சி மட்டுமே போதும் என்பவனுக்கு அந்தப் பெண் இல்லை.

இதனால் ஆன்மா நிலைநாட்டப்பட்டது என்று சைவ நண்பர்கள் மகிழவேண்டாம். பிற்பாடு காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பன்னிரு சார்பில் உணர்வும் ஒன்று. செய்கையைச் சார்ந்து தோன்றுவது, தனித்து நிலைப்பதன்று. பூதமும் அன்று, ஆன்மாவும் அன்று என்னும் அந்த வழியே எனக்கு நெருக்கமானது. அது விளக்கமாகிவிடுமா என்பதில் ஐயம் உண்டு.

பூதவாதிக்கு மறுமொழி சொல்லக் காதையில் இடமில்லை. பௌத்தரும், நீலகேசியின் பத்தாம் சருக்கத்தில் சமணரும், சித்தியார் பரபக்கத்தில் சைவரும் அவனைத் தோற்கடிக்கவே அழைத்துவந்தார்கள்.

படத்தில் தெரியாது என்றுதான் மாணவருக்குச் சொன்னேன். பிறகொரு ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்கு அருகே கட்டில் போட்டிருந்தார்கள். பாவு ஓட்டம் சரியில்லை என்று பேரன் கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.