கடைசிக் கட்டத்தில் விழும் அடி

சிரிப்புப் படக்கதை என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று ஒதுக்குகிற பழக்கம் நம் விமர்சகர்களிடம் உண்டு. ஆனால் இப்படி யாரும் கவனிக்காமல் விட்ட இடத்தில்தான் அதிகாரம் கூச்சமில்லாமல் பேசுகிறது என்பது என் எண்ணம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து டி.சி. தாம்சன் நிறுவனம் வெளியிட்ட இரண்டு வாரப் படக்கதை இதழ்களை வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன். 1937 டிசம்பரில் 'டான்டி' தொடங்கியது. 1938 ஜூலையில் 'பீனோ'. 1950இல் பீனோ வாரத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள் விற்றது.

பிரிட்டிஷ் படக்கதை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிதான். அது சாகச மரபு. அங்கே நாயகன் ஜெயிப்பான். நான் சொல்வது தோற்பவர்களின் மரபு. வாராவாரம் வாலாட்டி, வாராவாரம் அடி வாங்குகிற பிள்ளைகளுடையது.

இதற்குள்ளும் ஒரு வரலாறு ஓடுகிறது. பீனோவின் முதல் இதழிலேயே வந்த லார்ட் ஸ்னூட்டி பிரபு வீட்டுப் பையன். கோட்டையிலிருந்து நழுவி வந்து ஏழைத் தெருப் பிள்ளைகளோடு விளையாடுவான். வர்க்க முரண்பாடு சிநேகத்தில் கரைந்துவிடும் என்கிற 1938இன் கனவு அது. 1951 மார்ச்சில் டேவிட் லா வரைந்த டென்னிஸ் வருகிறான். நம்மூர் ஆங்கில நாளிதழ்களில் பார்த்த அமெரிக்க டென்னிஸ் வேறு. அவன் ஹாங்க் கெட்சமின் பிள்ளை, அதே மாதத்தில்தான் பிறந்தவன். அவன் அறியாமல் தொல்லை தருகிறான், இவன் தெரிந்தே செய்கிறான். 1953இல் மின்னியும் ரோஜரும் வந்தார்கள். 1954இல் லியோ பாக்ஸ்டெண்டேல் வரைந்த பாஷ் தெருப் பிள்ளைகள். இந்தத் தெருவில் சமாதானம் பேசப் பிரபு யாரும் இல்லை. எதிரே நிற்பவர் வாத்தியார். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'டீச்சர்'.

இக்கதைகளின் இலக்கணம் எளிது. முதலில் ஒரு தடை, நடுவில் குறும்பு, கடைசிக் கட்டத்தில் அடி. பையன் அப்பாவின் மடியில் குப்புறக் கிடப்பான். இல்லையென்றால் வாத்தியாரின் பிரம்பு ஓங்கி நிற்கும். அப்பா கையில் இருப்பது வீட்டுக்குள் போடுகிற மென்செருப்பு. நம்மிடம் செருப்படி மானக்கேடு. அங்கே அது பிள்ளை வளர்ப்பின் கருவி.

இதை வாசிக்க இரண்டு வழிகள் சுலபமாகக் கிடைக்கும். பக்தின் வழியில் போனால் இது திருவிழா: ஒழுங்கு கொஞ்ச நேரம் தலைகீழாகிறது. ஃபூக்கோ 1975இல் தண்டனை பற்றி எழுதிய நூலின் வழியில் போனால், கலகத்தை அனுமதித்துக் கடைசியில் உடலின்மீது அதிகாரம் தன் கையெழுத்தைப் போடுகிறது. இரண்டு வாசிப்புக்கும் ஒரே குறை. இரண்டும் ஒரு வாரத்துப் பக்கத்தை மட்டும் பிரதியாகக் கொள்கின்றன. வார இதழில் பிரதி என்பது ஒரு பக்கம் அல்ல, அடுத்த வாரமும் சேர்ந்ததுதான்.

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்போம். டென்னிஸ் ஒரே ஒரு முறை அடியால் திருந்தியிருந்தால் அடுத்த வாரம் கதையே இல்லை. ஆக, தண்டனை தோற்றாக வேண்டும் என்பது இந்த வடிவத்தின் நிபந்தனை. பிரம்பை எதிர்த்து ஒரு வார்த்தை எழுதாமலே, பிரம்பு பயனற்றது என்று வாராவாரம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தப் பக்கங்கள் நிரூபித்துக் காட்டின.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. திருந்தாதவன் வளரவும் மாட்டான். தண்டனை பலிக்காததும் தப்பிக்க வழியில்லாததும் இங்கே ஒன்றேதான். வளராத பிள்ளையால் யாருக்கு லாபம்? 1926இன் பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தவருக்குக் கதவைச் சாத்திய நிறுவனம் டி.சி. தாம்சன். ஓவியர்கள் பெயரும் பக்கத்தில் வராது. 1946 முதல் கையொப்பமிட அனுமதி பெற்ற டட்லி வாட்கின்ஸ் விதிவிலக்கு. மின்னியையும் பாஷ் தெருவையும் படைத்த பாக்ஸ்டெண்டேல் 1962இல் வெளியேறினார். 1980களில் உரிமை கேட்டு ஏழாண்டுகள் வழக்காடினார். கடைசியில் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவர் முதுமை கண்டு 2017இல் இறந்தார். பிள்ளைகள் அதே வயதில் நிறுவனத்தின் சொத்தாகத் தொடர்கிறார்கள்.

இனி காகிதத்துக்கு வெளியே நடந்தது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பிரம்பைவிடத் தோல்வார்தான் வழக்கம், உள்ளங்கையில் விழும். டண்டீக்கு எதிர்க்கரையில் உள்ள ஃபைஃப் பகுதியில், 1976இல், வீட்டுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குவழி போக முயன்றதற்காக ஒரு மாணவனைத் தோல்வார் அடிக்கு வரச் சொன்னார்கள். அசல் டென்னிஸ் வேலை! அப்பா சொன்னபடி அவன் அடியை ஏற்க மறுத்தான். பள்ளி அவனை வெளியே நிறுத்தியது. அவன் திரும்பவே இல்லை. அவன் தாயும் வேறொரு மாணவனின் தாயும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் தீர்ப்பு: பெற்றோரின் கொள்கை மதிக்கப்படவில்லை, அந்தப் பையனின் கல்வி உரிமையும் மீறப்பட்டது. 1986இல் இயற்றிய சட்டத்தால் 1987 முதல் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் அடி நின்றது. 2020இல் ஸ்காட்லாந்தில் வீட்டுக்குள்ளும் தடை வந்தது.

பக்கங்களிலிருந்தும் பிரம்பும் செருப்பும் மறைந்தன. டான்டியின் அச்சு இதழ் 2012 டிசம்பரில் நின்றது. பீனோ இன்றும் வருகிறது. பிரம்பு போனதோடு குறும்பும் போச்சு என்று பழைய வாசகர்கள் ஏங்குவதுண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. டென்னிஸ் பதிற்றாண்டுகளாகச் செய்யாத ஒன்றை அந்த ஃபைஃப் மாணவன் செய்தான்: கையை நீட்ட மறுத்து, கடைசிக் கட்டத்திலிருந்து வெளியேறினான். வேடிக்கைக்காக வரையப்பட்ட அடி வேறு, உள்ளங்கையில் விழுந்த அடி வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நகைச்சுவையைப் பற்றி நாம் கோட்பாடு பேசிப் புண்ணியமில்லை.