எத்தனை வாட் வேணும்?

பெரிய ஸ்பீக்கர் என்றால் பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று நினைக்கிறோம். சரித்திரம் தலைகீழாக இருக்கிறது.

1930-களில் அமெரிக்காவின் சின்ன தியேட்டர்களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று கொடுத்தது சுமார் எட்டு வாட்தான். கொட்டகைக்கு அதுவே போதுமாயிருந்தது. காரணம், ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்த பெரிய ஹார்ன். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி, கொடுத்ததை வீணாக்காமல் காற்றில் சேர்த்துவிடும்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பால் க்ளிப்ஷ். 1946-ல் ஆர்கன்சாஸில் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய க்ளிப்ஷ்ஹார்ன் பீரோ சைஸ். அறை மூலையில் வைக்கணும். சுவர்களே ஹார்னின் மிச்சப் பகுதி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 105 டெசிபல் என்பது கம்பெனிக் கணக்கு. காது அடைத்துவிடும்!

ஆனால் பீரோவை வைக்க எல்லார் வீட்டிலும் மூலை கிடைக்குமா? 1954-ல் எட்கர் வில்ச்சூர், ஹென்றி க்ளாஸ் என்ற இருவர், காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் ஆழமான பேஸை அடைத்துக் காட்டினார்கள். பெயர் ஏ.ஆர்.-1. சும்மா வரவில்லை அந்த பேஸ். பெட்டி வாட்டை விழுங்கியது.

கொஞ்சம் கணக்கு. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் சக்தி இரண்டு மடங்கு. 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. காதுக்கோ சத்தம் இரட்டித்த மாதிரிதான் தெரியும். 105 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் செய்வதை, 85 டெசிபல் ஸ்பீக்கர் செய்ய 100 வாட் வேண்டும்.

விளைவு, வாட் பந்தயம். டிரான்சிஸ்டர் வந்ததும் 1970-களின் தொடக்கத்தில் பாப் கார்வரின் ஃபேஸ் லீனியர் 700, சேனலுக்கு 350 வாட் என்றது. கூடவே புளுகும் வளர்ந்தது. கண நேரம் எட்டும் உச்சத்தை எல்லாம் விளம்பரத்தில் போட்டார்கள். நம் ஊர் செட்டுகளில் 'பி.எம்.பி.ஓ.' ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்களே, அதே வம்சம்! 1974-ல் அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் தலையிட்டு, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டைத்தான் சொல்லணும் என்று விதி போட்டது. 2024-ல் அதைப் புதுப்பித்தார்கள்.

நிஜமான வாட்டும் போதவில்லை. 1980-களில் வந்த அபோஜி சின்டில்லா என்ற பெரிய ரிப்பன் ஸ்பீக்கரின் தடை ஒரே ஒரு ஓம். அதே வோல்டேஜில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பதைப்போல எட்டு மடங்கு கரன்ட் இழுக்கும். நல்ல ஆம்ப்ளிஃபையர்களே திணறின.

'சின்ன ஆம்ப்ளிஃபையர் பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிடும்?' என்பதும் தப்பு. சக்திக்கு மீறித் திருகினால் அலையின் தலை மழுங்கும். அதில் பிறக்கிற கீச்சுச் சத்தங்கள் ட்வீட்டரைச் சுட்டுவிடும்.

ஆகவே, லட்சங்களை எண்ணி வைக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல்? ஓம் எதுவரை இறங்கும்? இதற்குப் பதில் தெரியாமல் வாட்டை மட்டும் சொன்னால், பர்ஸைத் திறக்காதீர்கள்.