தோற்ற ஆட்டத்தையும் எழுதி வைங்க! ஏற்காட்டிலிருந்து முதல் செஸ் டோர்னமென்ட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு...

ஏற்காட்டில் பஸ் ஏறி சேலத்துக்கு இறங்கும்போது மொபைலில் செஸ் விளையாடிப் பார்த்திருக்கிறீர்களா? மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். உங்களுக்கு ஒரு யானை கூடுதல், எதிராளி திணறிக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு வளைவில் டவர் போய்விடும். சிக்னல் திரும்ப வரும்போது ஸ்க்ரீனில் 'நீங்கள் தோற்றுவிட்டீர்கள்' என்று இருக்கும். "அட, நான்தானே ஜெயிச்சுட்டு இருந்தேன்!" என்று யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தக் கடுப்பே போதும், நிஜ போர்டில் ஒரு டோர்னமென்ட் ஆடிப் பார்க்கலாம். அதற்கு நீங்கள் குகேஷாகவோ வைஷாலியாகவோ இருக்க வேண்டியதில்லை. காய் நகர்த்தத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் ஒரு பள்ளி ஹாலிலோ கல்யாண மண்டபத்திலோ ரேட்டிங் டோர்னமென்ட் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் பதிவும் ஃபிடே ஐடியும் வேண்டும். எப்படி வாங்குவது என்று மாவட்ட செஸ் சங்கத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

முதல் ரவுண்டிலேயே அடி விழும்

பெரும்பாலான போட்டிகள் 'ஸ்விஸ்' முறையில் நடக்கும். தோற்றால் வெளியே என்பதெல்லாம் கிடையாது. கடைசி ரவுண்டு வரை ஆடலாம். ஆனால், முதல் ரவுண்டில் ரேட்டிங் வரிசையைப் பாதியாகப் பிரித்து, மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் ஜோடி போடுவார்கள். ரேட்டிங்கே இல்லாத நீங்கள் எங்கே இருப்பீர்கள்? கீழ் பாதியில்தான். ஆக, முதல் ஆட்டத்திலேயே பெரிய கை ஒன்று எதிரே உட்காரும். பயப்படாதீர்கள். அடுத்த ரவுண்டிலிருந்து ஏறக்குறைய உங்கள் அளவு புள்ளி வைத்திருப்பவரோடுதான் மோதல்.

ரேட்டிங் வாங்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடியாவிட்டால் 26 மாதங்களுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே பட்டியலில் ஆகக் குறைந்த ரேட்டிங் 1400. கணக்குப் போட்டு அதற்குக் கீழே வந்தால் நீங்கள் இன்னும் 'அன்ரேட்டட்'தான். ரேட்டிங் வந்த புதிதில் உங்களுக்குச் சமமானவரை ஜெயித்தால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஒரு எச்சரிக்கை: எதிரே கால் தரையில் எட்டாத ஒரு குட்டி வந்து உட்கார்ந்தால், 'பாவம் குழந்தை' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கை வைத்தால் போச்சு

மொபைலில் ஆடிப் பழகியவர்கள் நிஜ போர்டில் மாட்டிக்கொள்வது தொட்ட காயில்தான். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொட வேண்டும், அதுவும் ஒரே கையால். நான் என் முதல் போட்டியில் யானையை முதலில் தொட்டுவிட்டு, அப்புறம் ராஜாவுக்குப் போனேன். எதிரே இருந்தவர் அமைதியாகக் கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கேஸ்லிங் இல்லை என்று ஆர்பிட்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை விடுங்கள்.

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். விதிக்குப் புறம்பான நகர்த்தல் முதல் முறை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். ஆட்டம் நடக்கும் இடத்தில் பாக்கெட்டில் மொபைல் இருப்பது தெரிந்தாலும் தோல்விதான்.

'இவ்வளவு சந்தேகமா?' என்று தோன்றும். மொபைலே இல்லாத காலத்திலும் சந்தேகம் இருந்தது. 1978-ல் கார்போவும் கோர்ச்னோயும் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதியது பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில். கிட்டத்தட்ட நம்ம ஏற்காடு உயரத்தில் இருக்கும் ஒரு மலை ஊர் அது. ஆட்டத்தின் நடுவே கார்போவுக்கு ஒரு கப் தயிர் வந்தது. 'அந்தத் தயிரில் ஏதோ சங்கேதம் இருக்கலாம்' என்று கோர்ச்னோய் தரப்பு புகார் எழுதியது. தயிருக்கே பஞ்சாயத்து என்றால் போனை விடுவார்களா?

அந்தக் காகிதம்

இனி சொல்வதுதான் முக்கியம். போர்டு பக்கத்தில் ஒரு ஸ்கோர்ஷீட் வைத்திருப்பார்கள். கிளாசிக்கல் ஆட்டத்தில் உங்கள் நகர்த்தல், எதிராளி நகர்த்தல் இரண்டையும் நீங்களே எழுத வேண்டும். முதலில் காயை நகர்த்திவிட்டுத்தான் எழுதலாம், எழுதிவிட்டு நகர்த்தக் கூடாது. முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். விதிப்படி அந்த ஷீட் போட்டி நடத்துபவர்களின் சொத்து. கார்பன் நகல் இருந்தால் அது உங்களுக்கு.

தோற்றவர்கள் அந்த நகலை என்ன செய்கிறார்கள் தெரியுமா? கசக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஹாலுக்கு வெளியே எத்தனை நகல்கள் காலடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். யார் யாரை ஜெயித்தார் என்ற முடிவு இணையத்தில் இருக்கும். நகர்த்தல்கள் பதிவாவது பெரும்பாலும் மேல் போர்டுகளுக்குத்தான். 87-ம் போர்டில் நீங்கள் ஆடிய ஆட்டம் இருப்பது அந்தத் தாளில் மட்டும்.

"நான் தோத்த ஆட்டத்தை வெச்சு யார் என்ன பண்ணப்போறாங்க?" என்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன். ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர் என்று இன்றும் மலையில் பேசப்படுபவர். அவருடைய கலெக்டர் காலம் முடியும் நேரத்தில், 1828-29-ல், மெட்ராஸ் ஆட்டக்காரர்களும் ஹைதராபாத் ஆட்டக்காரர்களும் கடிதம் மூலம் இரண்டு செஸ் ஆட்டங்கள் ஆடினார்கள். ஒரு நகர்த்தல் தபாலில் போகும், பதில் நகர்த்தல் தபாலில் வரும். ரயில் வராத காலம். சிக்னல் போனதற்கே நாம் கொதிக்கிறோம்!

மெட்ராஸ் தரப்பில் இருந்த குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேன் என்பவரோடு சேர்ந்து (காக்பர்ன் வேறு, காக்ரேன் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்) அந்த ஆட்டங்களை 1829-ல் மெட்ராஸில் புத்தகமாகவே அச்சிட்டார். எழுதி வைத்ததால் தங்கியது. இன்று உங்கள் ஆப்பில் 'கிங்ஸ் கேம்பிட்' ஆடிப் பாருங்கள். நான்காவது நகர்த்தலில் கறுப்புச் சிப்பாய் ஜி-4-க்கு வந்து வெள்ளைக் குதிரையை மிரட்டும். 'போனால் போகட்டும்' என்று குதிரையை விட்டுவிட்டு வெள்ளைச் சிப்பாயை டி-4-க்குத் தள்ளினால் அதற்குப் பெயர் குலாம் காசிம் கேம்பிட். கிட்டத்தட்ட 200 வருடங்களாக ஒரு மெட்ராஸ்காரர் பெயர் உலகம் முழுக்க செஸ் புத்தகங்களில் இருக்கிறது.

தாத்தாவின் செஸ்

அதற்கும் முன்னால், 1814-ல், திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவரின் செஸ் நூல் சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து பம்பாயில் அச்சானது. அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே 'ஐரோப்பிய முறைக்கு ஏற்ப மாற்றியது' என்று இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்? நம் ஊரில் ஆடிய செஸ் வேறு, அதனால்தான்.

நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இப்போது மாதிரி கேஸ்லிங் கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் இஷ்டப்படி ராணியாகிவிட முடியாது. அது எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ, அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் இதிலும் வித்தியாசம் உண்டு.

இது ஏதோ ராஜா காலத்துக் கதை இல்லை. 1960-கள் வரை இந்தியாவில் பல இடங்களில் இப்படித்தான் ஆடினார்கள். சர்வதேச விதிகளைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மேனுவல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், 9 முறை தேசிய சாம்பியன். ஓப்பனிங் படிங்க, புத்தகம் படிங்க என்று ஆட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தார். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் வந்து ஆடினான். அந்த ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர். இதற்குக் கொடுத்த விலை, நாட்டு ஆட்டம் மெல்ல மறைந்தது. அது அவசியமான விலைதான் என்பது என் கருத்து. உலகத்தோடு மோத உலக விதி வேண்டும். ஆனால், மறைவதற்கு முன் எழுதி வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

உங்கள் வீட்டிலோ எஸ்டேட் லைனிலோ சதுரங்கம் ஆடிய 80 வயதுத் தாத்தா இருக்கிறாரா? டோர்னமென்ட்டுக்கு முந்தின நாள் போர்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்காருங்கள். "உங்க ஆட்டத்துல ராஜா தாவுமா தாத்தா? சிப்பாய் கடைசிக் கட்டம் போனா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே ஒரு ஆட்டம் போடுங்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதுங்கள். மறுநாளைக்கு அதுவே ஸ்கோர்ஷீட் பிராக்டீஸ்.

இன்னொன்று. காய்களின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று ஃபிடே விதி சொல்லவில்லை. அவரவர் நாட்டில் வழங்கும் பெயரின் சுருக்கத்தை எழுதலாம். குதிரைக்கு 'கு', யானைக்கு 'யா', மந்திரிக்கு 'ம'. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: ராஜாவும் 'ரா', ராணியும் 'ரா'. அதை மட்டும் பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு ஹாலுக்குள் போங்கள். மறக்காமல் ஆர்பிட்டரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.