ஆறு அறை, ஐந்து தோட்டா

ஆயுதப்படையில் இருபத்தாறு வருஷம் ஆர்மரராக இருந்தவன் நான். 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று நாங்கள் சொல்லும் ஆயுத அறையின் வாசலில் மணல் நிரப்பிய மரப்பெட்டி ஒன்று கிடக்கும். டியூட்டி முடிந்து துப்பாக்கியை ஒப்படைக்க வருகிறவர், எந்த ராங்க்காக இருந்தாலும், அந்த மணலைப் பார்த்துப் பிடித்துத்தான் காலி செய்ய வேண்டும்.

ஒரு நாள் இளம் எஸ்.ஐ. ஒருவர் 9 எம்.எம். பிஸ்டலோடு வந்தார். முதலில் ஸ்லைடை இழுத்தார். சேம்பரில் இருந்த ரவுண்டு துள்ளிக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு மேகசினை உருவினார். வரிசை தலைகீழ். ஸ்லைடு திரும்பிப் போகும்போதே மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டை உள்ளே தள்ளிவிட்டிருந்தது. மேகசின் இல்லாவிட்டால் வெடிக்காது என்று அந்தப் பிஸ்டலில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதனால் என்ன? ஹேமரை இறக்க வேண்டுமென்றால் காலி மேகசின் ஒன்றைச் செருகித்தான் ட்ரிகரை இழுக்க முடியும். செருகினார், இழுத்தார். என் சட்டைப்பையெல்லாம் மணல். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அன்றைக்கு மணல்பெட்டி காப்பாற்றியது. ஆனால் மணல்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக முடியாதே.

ரிட்டயர் ஆன பிறகு டெக்சஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அங்கே சில கடைவாசல்களில் 30.06 என்று போட்டு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை. எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். எனக்கு 30.06 என்றால் பழைய அமெரிக்க ரைஃபிள் தோட்டா. அங்கே அது தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்: கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வராதே. அப்படியானால் பலகை இல்லாத கடையில்? வரிசையில் எனக்கு முன்னால் பால் வாங்க நின்றவரின் சட்டைக்குள் என்ன இருந்ததோ. அது எப்படி லோடு செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

மறைத்து வைப்பது அமெரிக்காவில் ஒரு காலத்தில் மரியாதையான காரியமாக இருக்கவில்லை. கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே அதற்கு எதிராகச் சட்டம் போட்டன. இடுப்பில் வெளியே தெரியத் தொங்கவிடுகிறவன் யோக்கியன், கோட்டுக்குள் ஒளிப்பவன்தான் பதுங்கித் தாக்கக் காத்திருக்கிறவன் என்பது அன்றைய எண்ணம். 1865-இல் பூத் லிங்கனைச் சுட்டது உள்ளங்கைக்குள் அடங்கும் டெரிஞ்சர் பிஸ்டலால். ஒரே ஒரு தோட்டாதான் அதில்.

என் பார்வையில் உண்மையான கதை 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் தொடங்குகிறது. சினிமாவில் கவ்பாய்கள் சுழற்றுவார்களே, அதுதான். ஆறு அறை. ஹேமரின் நுனியிலேயே ஊசி. ஆறையும் நிரப்பினால் அந்த ஊசி நேராகத் தோட்டாவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். ஹேமரைக் கொஞ்சம் தூக்கி நிறுத்த ஒரு பல் வெட்டியிருந்தார்கள். பெயருக்குத்தான் அது பாதுகாப்பு. ஓங்கி ஒரு அடி விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் ஒன்றைப் போட்டு, ஒன்றை விட்டு, நாலைப் போட்டார்கள். காலி அறைமேல் ஹேமர் இறங்கும்.

இந்தக் கணக்கை வையாட் ஏர்ப்பே ஒரு முறை கோட்டை விட்டார். 1876 ஜனவரி, விசிட்டா ஊர் மதுக்கடையின் பின்னறை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுந்து ஹேமர் அடிபட்டது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு மேல்கூரைக்குப் போயிற்று. ஊர்ப் பத்திரிகை அதை அச்சிட்டது. அவ்வளவு பெரிய துப்பாக்கிக்காரர்! அதைப் படித்ததிலிருந்து அந்த எஸ்.ஐ. மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் விபத்துக்கு எழுதிய பதில்தான். ஸ்மித் அண்டு வெசன் 1887-இல் ஹேமரை உடம்புக்குள் மறைத்து, பிடியின் பின்புறம் ஒரு பட்டை வைத்தது. உள்ளங்கையால் அதை அழுத்தினால்தான் சுடும். ஒரு குழந்தை கையில் துப்பாக்கி வெடித்ததைக் கேட்டு வெசன் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ஹேமர் பைத்துணியில் மாட்டாது என்பது கூடுதல் லாபம். பாதுகாப்புக்காகச் செய்தது சீக்கிரம் உருவவும் உதவியது. இரண்டும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது. வழக்கமாக எதிரும் புதிருமாகத்தான் நிற்கும்.

ஐவர் ஜான்சன் கம்பெனி இன்னும் கெட்டி. ஹேமருக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சிறு தகடு. ட்ரிகரை முழுக்க இழுத்தால் மட்டும் அது மேலே ஏறி அடியை ஊசிக்குக் கடத்தும். மற்ற நேரத்தில் ஹேமர் ஊசியைத் தொடாது. சுத்தியலால் ஹேமரை அடித்துப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். இன்னொரு விளம்பரத்தில் கட்டிலில் ஒரு சின்னப் பெண் கையில் ரிவால்வரோடு உட்கார்ந்திருக்கிறாள், அப்பாவே ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டாராம். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தகடு, தானாக வெடிப்பதைத்தான் தடுக்கும். ட்ரிகரில் விரல் போனால் அது யார் விரலென்று அதற்குத் தெரியாது. 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் கைக்குட்டைக்குள் ஒளித்து ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டதும் அதே ஐவர் ஜான்சன்தான்.

பிறகு துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங்கின் காலம். மணியாச்சியில் வாஞ்சி ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். அதே 1911-இல்தான் அமெரிக்க ராணுவம் பிரவுனிங்கின் .45 பிஸ்டலை எடுத்துக்கொண்டது. பிடியில் ஒரு சேஃப்டி, கட்டைவிரலுக்கு இன்னொன்று. இரண்டாவது, குதிரைப்படை கேட்டு வாங்கியது. குதிரை மிரளும்போது கடிவாளம் ஒரு கையில், உயிருள்ள பிஸ்டல் மறு கையில் என்றால் வேறென்ன செய்வது?

அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் இரண்டு கட்சி. ஷாங்காய் போலீஸில் இருந்த ஃபேர்பேர்ன் கட்டைவிரல் சேஃப்டியையே வேலை செய்யாதபடி ஆணியடித்து முடக்கினார். சேம்பர் காலி, உருவும்போதே ஸ்லைடை இழுத்துச் சுடு என்று பழக்கினார். அந்தப் படையில் சீக்கியர்கள் ஏராளம். நாங்கள் கற்ற வழக்கமும் சேம்பரைக் காலியாக வைப்பதுதான். எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஜெஃப் கூப்பர், முன்னாள் மரீன் அதிகாரி, 1976-இல் அரிசோனாவில் பயிற்சிப்பள்ளி திறந்தவர். சேம்பரில் தோட்டா, ஹேமர் ஏறியபடி, சேஃப்டி மாட்டியபடி என்பது அவருக்கு முதல் நிலை. சேம்பர் காலி என்பது மூன்றாம் நிலைதான். ஒரு கையில் அடிபட்டால், அல்லது அந்தக் கை பிள்ளையைப் பிடித்திருந்தால் ஸ்லைடை யார் இழுப்பது என்பது அவர் கட்சியின் வாதம். நியாயம்தான். ஆனால் எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் லோடானதுதான், குறி இலக்கில் படும்வரை விரலை ட்ரிகரில் வைக்காதே என்று சொன்னவரும் அவரே. முதல் நிலையைப் பிடித்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் இதையும் பிடித்துக்கொண்டார்களோ.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் வாங்கிய கிளாக் பிஸ்டல் சண்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. வெளியே தட்டிவிடும் சேஃப்டியே கிடையாது. கீழே போட்டால் வெடிக்காது, இழுத்தால் வெடிக்கும். இழுக்க வேண்டிய விசை இரண்டரை கிலோ. ஹேமரை முன்கூட்டி ஏற்றாமல் இழுத்தால் ரிவால்வரில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ரிவால்வரில் பழகிய ஆட்களுக்கு இது லேசென்று நியூயார்க் போலீஸ் கனமான ஸ்பிரிங் கேட்டு வாங்கியது. மொத்தப் பாரமும் இப்போது உறைமேல் வந்து விழுந்தது. ட்ரிகரை மூடும் கெட்டி உறை இருந்தால் அது சாது. 2008 நவம்பரில் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் பிளாக்ஸிகோ பரஸ், நியூயார்க் கிளப் ஒன்றில் உறையில்லாமல் கால்சட்டை இடுப்பில் கிளாக்கைச் செருகியிருந்தார். அது நழுவியது, பிடிக்கப் போனார், தொடையில் குண்டு. லைசென்ஸ் இல்லாததால் இரண்டு வருஷத் தண்டனை வேறு. நழுவுகிற பொருளைக் கை தானாகப் பிடிக்கும். விழட்டும் என்று விடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

தயாராக இல்லாததற்கும் விலை உண்டு என்பதை டெக்சஸ்காரர்கள் எனக்குச் சொல்லாமல் விடவில்லை. 1991 அக்டோபரில் கில்லீன் ஊர் உணவகத்தில் ஒருவன் 23 பேரைக் கொன்றான். அங்கே இருந்த சுசானா ஹப் தன் ரிவால்வரைச் சட்டத்துக்குப் பயந்து காரிலேயே வைத்திருந்தார். அப்பா அம்மா இருவரையும் அன்று இழந்தார். பிறகு அவர் சட்டமன்றத்துக்கே போனார். அதற்கு முன்பே, 1995-இல், மறைத்து வைக்க லைசென்ஸ் முறை வந்தது. 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலானோருக்கு அதுவும் தேவையில்லை. லைசென்ஸோடு அதற்கான கட்டாயப் பயிற்சியும் போய்விட்டது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறு அறைக்கு ஐந்து தோட்டா என்ற பழைய கணக்குக்கு முடிவு வந்தது தாமதமாகத்தான்: அந்த 1873 கோல்ட் மாதிரியிலேயே ரிவால்வர் செய்துவந்த ரூகர் கம்பெனி, 1973-இல்தான் ஐவர் ஜான்சன் போல நடுவே தகடு வைத்தது. அதன் பிறகு ஆறையும் நிரப்பலாம். அதற்கு முந்தைய ரிவால்வரை அனுப்பினால் காசு வாங்காமல் தகடு பொருத்திக் கொடுக்கிறார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கூடவே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.