கரிமூட்டத்துக்கும் லாரிக்கும் நடுவே

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை ஏமாற்றிய வருஷங்களில் கஞ்சி ஊற்றுவது சீமைக்கருவேலம்தான். கட்டையையும் தூரையும் குவித்து அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். கரிமூட்டம். நாள்கணக்கில் புகைய வேண்டும்; காற்றுப் புகுந்து எரிந்துவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

ஆக்சிஜன் போதாமல் வேகும் மரத்திலிருந்து கிளம்பும் கார்பன் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து வளையங்களாகின்றன. நான்கு வளையம் கொண்ட ஃபுளோராந்தீன் அவற்றில் ஒன்று. வெக்கையில் அது பெரும்பாலும் ஆவியாகவே திரியும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் போகும் லாரிகள் தருவது நைட்ரஜன் டை ஆக்சைடு. மூன்றாவது சரக்கு வெயில். அதற்கு இங்கே என்றைக்குப் பஞ்சம்?

புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்கிறது. தெறித்த ஆக்சிஜன் அணு நீராவியில் மோதி ஹைட்ராக்சிலை உண்டாக்குகிறது. அதன் ஆயுள் ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் ஃபுளோராந்தீனின் 3ஆம் கார்பனில் தொற்றிக்கொள்கிறது. பக்கத்தில் 2ஆம் கார்பனில் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து சேர, ஒரு நீர் மூலக்கூறு கழன்றுவிடுகிறது. பிறந்தது 2-நைட்ரோஃபுளோராந்தீன். இரவிலும் விடுதலை இல்லை. பகலில் வெயில் சிதைத்துவிடும் நைட்ரேட் ராடிகல் இருட்டியதும் தலைதூக்கி, வேறு வழியில் அதே பொருளைச் செய்கிறது.

எஞ்சினுக்குள்ளேயே ஃபுளோராந்தீனில் நைட்ரோ தொகுதி ஏறினால் அது பெரும்பாலும் 3ஆம் இடத்தில்தான் உட்காரும். ஆகவே தூசியில் அகப்படும் இந்த '2' ஒரு பிறப்புச் சான்றிதழ்: எந்தப் புகைபோக்கியும் பெறாத பிள்ளை, காற்றிலேயே பிறந்தது.

இந்த வகைப் பிறப்பை முதலில் உரக்கச் சொன்னவர் கலிபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிட்ஸ். 1978இல் அவர் குழு அதே வளையக் குடும்பத்துப் பென்சோபைரீனை வடிதாளில் வைத்து, நைட்ரஜன் டை ஆக்சைடும் துளி நைட்ரிக் அமிலமும் கலந்த காற்றில் காட்டியது. விளைந்ததை, மரபணுக் கேட்டைக் காட்டும் புரூஸ் ஏம்ஸின் சால்மொனெல்லா சோதனைக்கு உட்படுத்தினார்கள். பென்சோபைரீன் மரபணுவைக் கெடுக்க ஈரல் நொதிகளின் தயவு வேண்டும். நைட்ரோ ஏறியதற்கு அது தேவைப்படவில்லை. பாக்டீரியாவின் சொந்த நொதியே அதைக் கூராக்கி டிஎன்ஏவில் ஒட்டவைத்தது.

2009இல் வெளியான நம் தேசியக் காற்றுத்தர வரையறையில் 12 மாசுகள் உண்டு. பென்சோபைரீனுக்கு ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 1 நானோகிராம். நைட்ரோ வகை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.