பெயர் பெற்ற பீரங்கிகளும் இரவல் பீரங்கிகளும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். 1751, 1752ஆம் ஆண்டுகளில் ஆற்றின் இரு கரைகளிலும் பீரங்கிகள் நின்றிருந்தன. ஆற்காட்டு நவாப் பதவிக்காக முஸ்லிம் தலைவர்கள் இருவர் மோதிக்கொண்ட அந்த முற்றுகையை நம் பிள்ளைகள் ‘கர்நாடகப் போர்’ என்று பாடநூலில் படிக்கிறார்கள். கிளைவின் வெற்றியோடு பாடம் முடிந்துவிடுகிறது. நாம் கற்கவேண்டிய பாடமோ அங்கேதான் தொடங்குகிறது.

முற்காலத்து அரசர்கள் தங்கள் பெரும் பீரங்கிகளுக்குப் பெயர் சூட்டினார்கள். ‘மலிக்கே மைதான்’, அதாவது போர்க்களத்தின் அரசன், ஹிஜ்ரி 956இல் (கி.பி. 1549) அகமதுநகரில் முஹம்மது பின் ஹஸன் ரூமி என்னும் கலைஞரால் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 55 டன் எடையுள்ள அது பின்னர் பீஜப்பூர்க் கோட்டைக்குச் சென்றது. 1686இல் பீஜப்பூர் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. வென்றவரின் கல்வெட்டு அந்தப் பீரங்கியின் மேலேயே பொறிக்கப்பட்டது. மறு ஆண்டு கோல்கொண்டா முற்றுகைக்கு ஔரங்கசீப் கொண்டுவந்த பீரங்கியின் பெயர் ‘ஃபத்ஹ் ரஹ்பர்’, வெற்றிக்கு வழிகாட்டி. ஆனால் எட்டு மாத முற்றுகைக்குப் பின் வெற்றிக்கு வழிகாட்டியது பீரங்கியன்று. கையூட்டுப் பெற்ற ஒருவர் உள்ளிருந்து திறந்துவிட்ட வாயில்தான்.

நமக்கு அருகே தஞ்சையின் பீரங்கிமேட்டில் நாயக்கர் காலத்து ‘இராஜகோபாலன்’ இன்றும் கிடக்கிறது. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, ஏழரை மீட்டர் நீளத்தில் அதனை உருவாக்கினர். எடை ஏறத்தாழ 22 டன்.

இத்தகைய பீரங்கிகள் அந்தந்த அரசுகளின் கைப்பொருள்கள். வென்றாலும் தோற்றாலும் அவை அவர்களுடையவை. திருச்சியில் நிலைமை வேறு.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். அவரைப் பிடிக்கப் பிரெஞ்சுப் படையுடன் வந்து முற்றுகையிட்டவர் சந்தா சாஹிப். முஹம்மது அலிக்குத் துணை நின்றது ஆங்கிலேயக் கும்பினி. கோட்டைமீது குண்டு பொழிந்த பீரங்கிகளுக்குப் பெயரில்லை. எறியும் குண்டின் எடையைக் கொண்டு ‘18 பவுண்டு’ என்றே அவை குறிக்கப்பட்டன. நகரின் கிழக்கே ஒரு பாறைமீது பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பீரங்கிகளை ஏற்றினார்கள். அந்தப் பாறைக்குப் ‘பிரெஞ்சுப் பாறை’ என்றே பெயர் விழுந்தது. திருவரங்கத் தீவில் வேறு இரண்டு பீரங்கிகளை நிறுத்தி, காவிரிக்கு அப்பாலிருந்து நகரின் வடக்கு வாயிலை நோக்கிச் சுட்டார்கள். நகர மக்கள் ஆற்றுக்கு வந்துபோவதைத் தடுப்பதே நோக்கம். நவாப் யார் என்ற வழக்கில் தண்ணீருக்குச் சென்ற ஏழைக்கு என்ன பங்கு?

1752 மார்ச் இறுதியில் லாரன்சும் கிளைவும் உதவிப் படையுடன் வந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லா ஆற்றைக் கடந்து திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். வடக்கே சமயபுரத்தில் கிளைவ் நிலைகொண்டு உணவு வரும் வழியை அடைத்தார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கினார்கள். ஜூன் மாதம் திருவானைக்காவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்குறுதியை நம்பித் தம்மை ஒப்படைத்தார். அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. பீரங்கி கொடுத்தவர்கள் கைதிகளாகவேனும் உயிர் பிழைத்தார்கள். அதை நம்பியவர் பிழைக்கவில்லை.

வென்றவரின் கதை என்ன? முஹம்மது அலி வாலாஜா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நவாபாக இருந்தார். ஆனால் போர்ச்செலவு கடனாயிற்று. கடனுக்கு நாட்டின் வரிவருவாய் ஈடாயிற்று. 1795இல் அவர் மறைந்தார். ஆறே ஆண்டுகளில், 1801இல், கர்நாடக ஆட்சி முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. இரவல் பீரங்கியால் தோற்றவர் தலையை இழந்தார். இரவல் பீரங்கியால் வென்றவரின் வாரிசுகள் நாட்டையே இழந்தார்கள்.

இறைநம்பிக்கையாளர்களில் இரு சாரார் போரிட்டுக்கொண்டால் அவர்களிடையே நீதியுடன் சமாதானம் செய்துவைக்குமாறு அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. சமாதானம் பேசுவோர் நிற்கவேண்டிய இடத்தில், திருச்சியில் இரு வணிகக் கும்பினிகள் பீரங்கியுடன் நின்றன.

இன்றும் ஒரு வீட்டுச் சொத்துக்காக அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொள்கிறார்கள். ஒரு மஹல்லாவின் நிர்வாகத்துக்காக இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கியேனும் வழக்காடுகிறோம். வெளியிலுள்ள செல்வாக்கைத் தேடிப் போகிறோம். வெற்றி வந்தாலும் அதன் விலையை நம் பிள்ளைகள் கட்டவேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

சந்தா சாஹிபின் உடல் திருச்சி நத்தர் வலி தர்காவில் அடங்கியுள்ளது. முஹம்மது அலியும் இறுதியில் அதே திருச்சி மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டார். யாருக்கு என்று இருவரும் மோதிக்கொண்டார்களோ, அந்த ஊர் இருவருக்கும் ஆளுக்கு ஆறடிதான் கொடுத்தது.

பிணக்குகளை நமக்குள்ளேயே நீதியுடன் தீர்த்துக்கொள்ளும் மனப்பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.